யார் குரல் யாருக்குக் கேட்கும்? வாகன றிப்பீற்றருக்குள் இருக்கும் சின்னப் பெட்டிகள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்துகொண்டிருந்தபோது என்னுடைய சித்தியின் தொலைபேசி மூன்று நாட்கள் வேலை செய்யவில்லை. அவர் முல்லைத்தீவு மாவட்டத்தில், களப்புக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் இருக்கிறார். நான் வவுனியாவில் இருந்தபடி மணிக்கொரு தடவை அழைத்துப் பார்த்தேன். தொடர்புகொள்ள முடியாது என்ற அறிவித்தல் மட்டும் மூன்று மொழிகளிலும் தவறாமல் வந்தது. நான்காவது நாள் அவரே வேறொருவரின் தொலைபேசியில் இருந்து எடுத்தார். “வீட்டுக்குள்ள தண்ணி வந்தது, பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள், ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை” என்றார். அந்த ஒரு வசனத்தைக் கேட்க நான்கு நாட்கள் ஆகின.

எங்கள் கதை நல்லபடி முடிந்தது. 600 இற்கும் மேற்பட்டோரின் கதைகள் அப்படி முடியவில்லை. மலையகத்தில் மண்சரிவில் புதையுண்ட லயன்களில் இருந்து செய்தி வெளியே வரவே நாட்கள் எடுத்தன. மின்சாரம் நின்றது, கண்ணாடி இழை வடங்கள் அறுந்தன, தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரிகள் தீர்ந்தன. எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தி வந்தன என்ற முறைப்பாடு வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் எழுந்தது.

அதன் பிறகு நான் போகும் கூட்டங்களில் எல்லாம் ஒரே பேச்சாக இருக்கிறது: தொலைபேசியை நம்ப முடியாது, வோக்கி வேண்டும். நிவாரண அமைப்புகள் கேட்கின்றன, கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கேட்கின்றன, உள்ளூராட்சி உறுப்பினர்கள் கேட்கின்றனர். எத்தனை செற், என்ன விலை, யார் காசு தருவார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தச் செற்களை எப்படி அமைப்பது, யாருடைய குரல் யாருக்குப் போக வேண்டும் என்று எவரும் கேட்டதை நான் காணவில்லை. எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்காது, ஒரு பழுதுபார்க்கும் கடையில் ஒரு பின்னேரம் முழுவதும் குந்தியிருந்திருக்காவிட்டால்.

கடைக்காரருக்கு 55 வயதிருக்கும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையின்போது பற்றரி இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில் இந்தத் தொழிலைப் பழகியவர். இப்போது தனியார் பாதுகாப்பு நிறுவனங்களினதும் சில அமைப்புகளினதும் செற்களைத் திருத்திக் கொடுக்கிறார். அன்று அவருடைய மேசையில் தடித்த புத்தகமளவு கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. நிவாரண அமைப்பொன்றின் டபுள் கப் வாகனத்தில் பூட்டுவதற்கான றிப்பீற்றர்.

அது செய்யும் வேலை எளிதானது. கையில் பிடிக்கும் வோக்கியின் வலு 4, 5 வோற்ஸ் அளவுதான். கட்டடத்துக்குள், பள்ளத்தில், காட்டுக்குள் நின்று பேசினால் அது தூரத்திலுள்ள அலுவலகத்தை எட்டாது. வாகனத்தில் பூட்டியிருக்கும் பெரிய செற்றுக்கு 25 முதல் 50 வோற்ஸ் வரை வலு உண்டு, கூரையில் நல்ல அன்ரனாவும் உண்டு. றிப்பீற்றர் கைச் செற்றின் மெல்லிய குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, பெரிய செற்றின் ஊடாக அதே கணத்தில் உரத்து அனுப்பிவிடும். வாகனத்தை வீதியில் நிறுத்திவிட்டு வெள்ளத்துக்குள் இறங்கிப் போகிறவருக்கு அந்த வாகனமே கோபுரம்.

பெட்டியை வாங்கிப் பூட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் ஒரு வயரை மடிக்கணினியில் சொருகினார். திரையில் நிரல் நிரலாகச் சின்னச் சதுரப் பெட்டிகள். ரிக் போட்டால் ஒரு வசதி வேலை செய்யும், போடாவிட்டால் இல்லை. எல்லாம் கட்டாயமற்ற தெரிவுகள்.

அவர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். “தங்கச்சி, இதில ரிக் போடாட்டி இவர் கதைக்கிறது ஒபிசுக்குக் கேக்கும். குளத்துக்கு அங்கால நிக்கிற மற்றவருக்குக் கேக்காது.”

அதாவது, களத்தில் இருக்கும் இரண்டு கைச் செற்களுக்கு இடையே றிப்பீற்றர் குரலை மாற்றிக் கொடுக்க வேண்டுமா, அல்லது களத்திலிருந்து வருவதைத் தலைமையகத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டுமா என்ற தெரிவு அது. அந்த அமைப்பு அனுப்பிய படிவத்தில் “வேண்டாம்” என்று இருந்தது. சனலில் தேவையற்ற பேச்சு கூடிவிடும் என்பது காரணம். காரணம் பிழையானதல்ல. ஒரே சனலில் பதினைந்து பேர் பேசினால் எதுவும் விளங்காது. ஆனால், விளைவை யோசித்துப் பாருங்கள். மையம் எல்லோரையும் கேட்கும். எல்லோருக்கும் மையத்தின் குரல் மட்டும் கேட்கும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்க வேண்டுமென்றால் மையம் எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று கேட்டால் இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியாது.

அடுத்தது நேரக் கட்டுப்பாடு. ஒருவர் பொத்தானை அமுக்கியபடி எவ்வளவு நேரம் தொடர்ந்து பேசலாம் என்பதை முன்கூட்டியே நிர்ணயிக்கலாம். பெரும்பாலும் ஒரு நிமிடம் அளவில் வைப்பார்கள். நேரம் முடிந்ததும் பேச்சு அறுந்துவிடும். பொத்தான் இருக்கைக்குள் அகப்பட்டு அமுங்கியிருந்தால் சனல் முழுவதும் அடைபடும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நான் வேறொன்றை யோசித்தேன். சிங்களத்தில் அறிக்கையிட வேண்டிய ஒரு சனலில், சிங்களம் தட்டுத்தடுமாறிப் பேசும் ஒரு கிராம உத்தியோகத்தர், எத்தனை குடும்பம், எந்தப் பாதை, எந்தப் பாலம் என்று சொற்களைத் தேடித்தேடிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் அதே 60 செக்கன்கள்தான். கருவிக்கு மொழி தெரியாது. ஆனால், 60 என்ற இலக்கத்தை எழுதியவருக்கு ஒரு மொழி இருந்திருக்கும்.

செம்மஞ்சள் பொத்தான் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல வோக்கிகளின் தலையில் அவசரப் பொத்தான் ஒன்று இருக்கும். ஆபத்தில் பேச முடியாதவர் அதை அமுக்கினால் அவருடைய செற்றின் இலக்கம் தலைமையகத் திரையில் எழ வேண்டும். ஆனால், அந்தச் சமிக்ஞை வாகன றிப்பீற்றரைக் கடந்து போவது பல வகைக் கருவிகளில் தனியான ஒரு தெரிவு. ரிக் போடப்படாவிட்டால் பொத்தான் அமுங்கும், சமிக்ஞை வாகனம் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும். அமுக்கியவருக்கு அது தெரியாது. உதவி வருகிறது என்று காத்திருப்பார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு செற்றும் பேச்சோடு சேர்த்து ஒரு தாழ்ந்த தொனியை அனுப்பும், 67 முதல் 254 ஹேர்ட்ஸ் வரையிலான ஏதோ ஒன்று. செற்றே அதை வடிகட்டிவிடுவதால் எங்கள் காதுக்கு எட்டாது. அந்தத் தொனி பொருந்தினால்தான் றிப்பீற்றர் கதவைத் திறக்கும். பக்கத்துக் கிராமத்தில் வேறு அமைப்பின் செற்றோடு நிற்பவர் அதே அலைவரிசையில் கத்தினாலும் தொனி வேறென்றால் கேட்காது. இரண்டு வாகனங்கள் ஒரே இடத்துக்கு வந்தால் இரண்டு றிப்பீற்றர்களும் ஒரே குரலைத் தூக்கி அனுப்பி, ஒன்றையொன்று குழப்பும். அதனால் ஒன்று பேச மற்றது ஒதுங்கி நிற்க, பேசுவது புறப்பட்டுப் போனால் அடுத்தது பொறுப்பெடுக்க ஓர் ஒழுங்கு வைக்கலாம். பற்றரி இறங்கினால் றிப்பீற்றர் தானாக நிற்க வேண்டுமா என்றும் தெரிவு செய்யலாம். பெரிய செற் பேசும்போது பத்து அம்பியர் அளவில் இழுக்கும். நிற்கச் சொன்னால் வாகனத்தைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணலாம். நிற்க வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் குரல் இருக்கும், வாகனம் இராது. டீசல் இல்லாத இரவில் எது முக்கியம் என்பதை டீசல் இருக்கும் பகலில், குளிரூட்டிய அறையில் இருந்து யாரோ முடிவு செய்திருப்பார்கள்.

இவையெல்லாம் தொழில்நுட்பக்காரரின் அற்ப விடயங்கள் என்று தோன்றலாம். நியூயோர்க்கில் 2001 செப்டெம்பர் 11 அன்று நடந்ததை வாசித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கிருந்தது வாகனத்தில் பூட்டிய றிப்பீற்றர் அல்ல, கட்டடத்தில் பூட்டியது. ஆனால் பிரச்சினை இதேதான்.

உலக வர்த்தக மையத்தில் 1993 இல் குண்டு வெடித்தபோது தீயணைப்பு வீரர்களின் கைச் செற்கள் உயர்ந்த கோபுரங்களுக்குள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. அதனால் அடுத்த ஆண்டு அங்கு றிப்பீற்றர் ஒன்று பூட்டப்பட்டது. அதை எப்போதும் இயங்க விடலாம் என்று கட்டடத்துக்குப் பொறுப்பான துறைமுக அதிகாரசபை சொன்னது. அந்தச் சனல் அயலில் நடக்கும் வேறு தீயணைப்பு வேலைகளைக் குழப்பக்கூடும், தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று தீயணைப்புத் திணைக்களம் கேட்டது. 2000 ஆம் ஆண்டில் அதை இயக்கும் பலகைகள் கோபுரங்களின் கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டன.

2001 இல் விமானம் மோதிய சில நிமிடங்களில், காலை 8.54 இற்கு, வடக்குக் கோபுரத்தில் அந்தப் பலகையின் ஒரு பொத்தானை யாரோ அமுக்கினார்கள். யார் என்று இன்றுவரை தெளிவில்லை. றிப்பீற்றர் வேலை செய்யத் தொடங்கியது. ஆனால், பலகையோடு இருந்த பிரதான கைபேசியில் இருந்து பேசுவதற்கு இரண்டாவது பொத்தானையும் அமுக்க வேண்டும். அது அன்று காலை அமுக்கப்படவேயில்லை. 9.05 அளவில் அதிகாரிகள் இருவர் பரிசோதித்துப் பார்த்தார்கள். கைபேசியில் பேசியது போகவில்லை. மற்றவர் செற்றில் பேசியதும் கைபேசியில் கேட்கவில்லை, ஒருவேளை ஒலியளவு குறைத்து வைக்கப்பட்டிருந்திருக்கலாம். றிப்பீற்றர் பழுது என்று முடிவெடுத்து அதை விட்டுவிட்டார்கள்.

தெற்குக் கோபுரத்துக்குப் போனவர்கள் அதே சனல் வேலை செய்வதைக் கண்டார்கள். ஓரியோ பால்மர் என்ற அதிகாரி 78 ஆவது மாடி வரை ஏறி, அங்கிருந்த காயப்பட்டவர்கள் பற்றி அந்தச் சனலில்தான் அறிவித்தார். ஒலிப்பதிவு பின்னர் கிடைத்தது. 9.59 இற்கு அந்தக் கோபுரம் சரிந்தது. வடக்குக் கோபுரத்துக்குள் இருந்த பல வீரர்களுக்குப் பக்கத்துக் கோபுரம் விழுந்ததே தெரியவில்லை. 10.28 இற்கு அதுவும் சரிந்தது. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

இரண்டாவது பொத்தானை அமுக்கியிருந்தால் இவர்கள் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் எழுதினால் அது பொய். 2004 இல் வெளிவந்த விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கையே, செற்களின் கோளாறு வடக்குக் கோபுர மரணங்களுக்குப் பங்களித்த ஒரு காரணி, முதன்மைக் காரணம் அல்ல என்கிறது. வெளியேறும் கட்டளையைக் கேட்டும் சகாக்களை விட்டு வரமாட்டோம் என்று நின்றவர்களும் இருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கருவி வேலை செய்துகொண்டிருந்தது. அது வேலை செய்யவில்லை என்று அங்கிருந்தவர்கள் நம்பினார்கள். அமைப்பை வடிவமைத்தவரின் தெரிவு, அதைப் பயன்படுத்தியவரின் தலைக்குள் இல்லை.

மன்செஸ்டரிலும் இதன் ஒரு சாயல் நடந்தது. 2017 மே 22 அன்று அரங்கொன்றில் குண்டு வெடித்து 22 பேர் கொல்லப்பட்டார்கள். பொலிஸ், அம்புலன்ஸ், தீயணைப்பு ஆகிய மூன்று தரப்பும் ஒன்றாகப் பேசக்கூடிய பொதுச் சனல் வசதி அங்கு இருந்தது. அன்றிரவு அது பயன்படுத்தப்படவில்லை. தீயணைப்புப் பிரிவு இரண்டு மணித்தியாலங்களுக்கும் மேல் தாமதித்தே வந்து சேர்ந்தது. பணமும் பயிற்சியும் உள்ள நாடுகளின் கதை இது.

எங்களிடம் இரண்டும் குறைவு. அதைவிடப் பெரிய ஒன்று எங்களிடம் கூட இருக்கிறது, அது பயம்.

கடைக்காரர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “2009 இற்குப் பிறகு கொஞ்சக் காலம் எனக்கு இந்தத் தொழில் தெரியும் எண்டே நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மின்விசிறி திருத்திறனான் எண்டுதான் சொன்னனான்.” எங்கள் பக்கத்தில் வோக்கி என்ற சொல்லுக்கே ஒரு நிறம் உண்டு. அதை யார் கையில் வைத்திருந்தார்கள், யார் அதில் ஒட்டுக்கேட்டார்கள், அதைத் திருத்தத் தெரிந்தவனை யார் எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதல்ல. தெரிந்தவர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள், சிலர் இல்லாமல் போனார்கள், மிச்சம் இருப்பவர்கள் மின்விசிறி திருத்தினார்கள். 2004 ஆழிப்பேரலையின்போது தெற்கில் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் தங்கள் கருவிகளோடு போய்த் தொடர்பை ஏற்படுத்தினார்கள். வன்னியில் ஒரு சாதாரண குடிமகன் அப்படியொரு கருவியைப் பொழுதுபோக்காக வைத்திருப்பதைக் கற்பனைகூடச் செய்ய முடியாத காலம் அது.

எனக்கும் ஒரு அன்ரனா ஞாபகம் உண்டு. 2008 செப்டெம்பரில் எனக்கு 17 வயது. ஐ.நா. அமைப்புகளும் சர்வதேச நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் போகாதீர்கள் என்று கேட்டு நின்ற சனத்தில் நானும் அம்மாவும் நின்றோம். வெள்ளை வாகனங்களின் முன்பக்கத்தில் நீண்ட தூண்டில் தடி போன்ற அன்ரனாக்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவை எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. “இவை போனா நாங்கள் சாகிறதை வெளியில சொல்ல ஆளில்லை” என்றார். சாமான் லொறிகள் போவதைவிட அந்த அன்ரனாக்கள் போவதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஆகவே தொடர்புக் கருவிகள் எங்களுக்கு வேண்டும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. யாருடைய ஒழுங்கில் வேண்டும் என்பதில்தான் கேள்வி. சட்டப்படி வானொலிக் கருவிகளை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் அனுமதிப்பத்திரம் தேவை, 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் அதைச் சொல்கிறது. அதில் தவறில்லை, அலைவரிசை பொதுச் சொத்து. ஆனால், வடக்கில் அனர்த்தம் என்றால் செற்றோடும் வாகனத்தோடும் முதலில் வருவது பெரும்பாலும் படையினர். டித்வா நாட்களில் அவர்கள் பலரைக் காப்பாற்றினார்கள், அதை மறைத்து எழுதுவது நேர்மையல்ல. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தலைமைக்கு ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல்களை நியமிப்பதும் வழமையாகிவிட்டது. இராணுவ வலையமைப்பு ஒன்றில் மையம் எல்லோரையும் கேட்பதும், கீழே உள்ளவர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் இருப்பதும் இயல்பான தெரிவு. போர்க்களத்துக்கு அது பொருந்தலாம். வெள்ளத்தில் அகப்பட்ட ஐந்து கிராமங்களுக்கு அது பொருந்தாது. அங்கு ஒரு கிராமத்தில் படகு இருக்கும், அடுத்ததில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருப்பாள். இந்த இரண்டையும் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒருவர் சேர்த்துவைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லோரும் எல்லோரோடும் பேசும்படி திறந்துவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. திறந்த சனலில் வதந்தி பரவும். அணை உடைந்துவிட்டது என்று யாரோ கத்தினால் அந்த இரவில் சனம் ஓடி நசிபடும். கட்டளை மையம் குறுக்கிட்டுப் பேசும் முன்னுரிமை அதற்காகத்தான் இருக்கிறது, அந்தப் பெட்டியில் ரிக் வேண்டும். ஆனால், களத்தில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் பெட்டியிலும் ரிக் வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, கருவியில் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

அன்று பின்னேரம் கடைக்காரர் அந்த நிவாரண அமைப்புக்குத் தொலைபேசி எடுத்து, படிவத்தில் “வேண்டாம்” என்று இருந்ததன் பொருளைப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மறுமுனையில் இருந்தவர் படிவத்தை நிரப்பியவர் அல்ல. அந்தக் கேள்வியின் அர்த்தமே தனக்குத் தெரியாது என்றார். கொஞ்ச நேரத்தில் திரும்ப எடுத்து, போடுங்கள் என்றார். ரிக் விழுந்தது. செம்மஞ்சள் பொத்தானுக்கும் சேர்த்து.

பிறகு றிப்பீற்றரைப் பூட்டிய வாகனத்தைக் கடைக்கு முன்னால் விட்டுவிட்டு, என்னை ஒரு செற்றோடு பின்னாலுள்ள கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே அனுப்பினார். அவர் மற்றச் செற்றோடு வீதியில் நடந்து மறைந்தார். “தங்கச்சி, கேக்குதா?” என்று வந்தது. கேட்டது. நான் திரும்பிப் பேச வேண்டும் என்பதையே மறந்து நின்றுவிட்டேன்.

போன வாரம் மாவட்டத்திலுள்ள ஓர் அரச அலுவலகத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், தமிழில். அலைவரிசைகளையோ இரகசியக் குறியீடுகளையோ கேட்கவில்லை. அனர்த்த வேலைக்குப் போகும் வாகனங்களில் றிப்பீற்றர் இருக்கிறதா, களத்திலுள்ள செற்கள் ஒன்றோடொன்று பேச அவற்றில் வசதி செய்யப்பட்டிருக்கிறதா, அவசரப் பொத்தான் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, பயன்படுத்துபவருக்குத் தமிழில் கையேடு உண்டா, அமைப்பை மாற்றும் அதிகாரம் எந்தப் பதவியில் உள்ளவருக்கு என்று ஐந்து கேள்விகள். தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்கச் சட்டத்தின் 5 ஆம் பிரிவில் இடமுண்டு. மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். உத்தியோகத்தர் விண்ணப்பத்தை இரண்டு தடவை வாசித்தார். “நீங்கள் எந்த அமைப்பு?” என்று கேட்டார். பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றேன். “இது உங்களுக்கு ஏன்?” என்றார். சித்தியின் தொலைபேசியைப் பற்றிச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் திகதி முத்திரையைக் குத்திப் பற்றுச்சீட்டைத் தந்தார். முடிவை அறிவிக்க அவர்களுக்கு 14 வேலை நாட்கள் உண்டு. இன்று ஆறாவது நாள்.